வெள்ளத்தில் நின்ற வண்டி

திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குச் செல்லும் செந்தூர் விரைவு வண்டி, 2023-ஆம் வருஷம் டிசம்பர் 17-ந் தேதி இரவு சுமார் எட்டரை மணிக்கு வழக்கம் போலப் புறப்பட்டது. வண்டியில் ஏறக்குறைய 800 பிரயாணிகள். செந்திலாண்டவனைத் தரிசித்து, பன்னீர் இலை விபூதியைப் பத்திரமாக முடிந்து வைத்துக் கொண்டு, விடிந்தால் சென்னை என்ற நினைப்போடு படுக்கையை விரித்தவர்கள் அவர்களில் அநேகர். வெளியே மழை கொட்டிக் கொண்டிருந்தது. சாதாரண மழையா அது! பக்கத்துக் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பெய்தது. இந்த வறண்ட கடற்கரைக்கு ஒரு வருஷம் முழுவதிலும் கிடைக்கும் மழைகூட அவ்வளவு இராது.

ஸ்ரீவைகுண்டம் நிலையத்துக்கு வந்ததும் வண்டி நிறுத்தப்பட்டது. அப்பால் செய்துங்கநல்லூர் செல்லும் பாதையில் ஜல்லியையும் மண்ணையும் வெள்ளம் அரித்துச் சென்றுவிட்டது. தண்டவாளம் அந்தரத்தில் ஊஞ்சல் போலத் தொங்கிற்று. வண்டியை மேலே போகவிடாமல் நிறுத்தி வைத்த நிலைய உத்தியோகஸ்தர்களின் புத்திசாலித்தனத்தால் அன்று அத்தனை பேரும் பிழைத்தார்கள். சுமார் 300 பேரை அருகிலிருந்த பள்ளிக்கூடத்திற்கு அனுப்பினார்கள். அதற்குள் வெள்ளம் வழியை மறித்துவிட்டது. மிச்சமிருந்த சுமார் 500 பேர் நிலையத்திலேயே சிறைப்பட்டார்கள். மின்சாரம் இல்லை, டெலிபோன் இல்லை, நாற்புறமும் தண்ணீர், குடிக்கத்தான் ஒரு சொட்டு இல்லை.

அந்தச் சமயத்தில் சர்க்கார் வருவதற்கு முன்னால் வந்தவர்கள் பக்கத்துப் புதுக்குடி கிராமத்து ஜனங்கள். அவர்களுடைய வீடுகளிலேயே தண்ணீர் புகுந்திருந்தது. ஆயினும் கையில் அகப்பட்ட அரிசியையும் பருப்பையும் கொண்டு வந்து, அம்மன் கோயிலில் அடுப்பு மூட்டி, பொங்கியதைப் பிரயாணிகளுக்குக் கொடுத்தார்கள். 19-ந் தேதி ராணுவத்தாரும் மீட்புப் படையினரும் வந்து சேர்ந்தார்கள்; ஹெலிகாப்டரிலிருந்து உணவுப் பொட்டலங்கள் இறங்கின. பிரயாணிகள் சகதியிலும் தண்ணீரிலும் நடந்து, பஸ் ஏறி, வாஞ்சி மணியாச்சி போய், அங்கிருந்து தனி ரயிலில் சென்னை சேர்ந்தார்கள். 1911-இல் ஆஷ் துரை சுடப்பட்ட அதே மணியாச்சிதான். சுட்ட வாஞ்சிநாதனின் பெயரை நிலையம் இன்று தாங்கி நிற்கிறது.

ஊரிலே ஒரு மாடியில் அகப்பட்டுக் கொண்டிருந்த நமக்கு இந்தச் செய்தியெல்லாம் வெள்ளம் வடிந்த பிறகுதான் தெரிந்தது. தெரிந்ததும் பெருமையாக இருந்தது. பெருமை தீரும் முன்பே வேறொரு ஞாபகம் வந்து குறுக்கே நின்றது.

அதே வருஷம் செப்டம்பர் மாதம், அதாவது வெள்ளத்துக்கு மூன்று மாதம் முன்னால், இதே தூத்துக்குடி ஜில்லாவில் எட்டயபுரத்தை அடுத்த உசிலம்பட்டி என்னும் கிராமத்திலிருந்து ஒரு செய்தி வந்தது. பள்ளிக் குழந்தைகளுக்குச் சர்க்கார் அளிக்கும் காலை உணவை அவ்வூர்ப் பிள்ளைகள் பலர் தொடவில்லை. சமைத்தவர் தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த பெண்மணி; ஆகையால் உண்ண வேண்டாம் என்று பெற்றோர்கள் தடுத்துவிட்டார்களாம். இந்த எட்டயபுரம்தான் காமராஜர் 1956-இல் மதிய உணவுத் திட்டத்தைத் துவக்கி வைத்த ஊர் என்பதையும் நேயர்கள் கவனிக்க வேண்டும்.

வெள்ளத்தில் யார் சமைத்தது என்று யாரும் கேட்கவில்லை, வெயிலில் கேட்டார்கள். ஒரே ஜில்லா, ஒரே வருஷம், ஒரே அரிசி. இந்த இரண்டில் எது நம்முடைய தேசம்? இரண்டுந்தான் என்றால், இரண்டையும் வயிற்றில் வைத்துக் கொண்டு இது எப்படி இத்தனை காலம் சிதறாமல் நிற்கிறது?

கேள்வி புதியதல்ல. ஸர் ஜான் ஸ்ட்ரேச்சி என்ற வெள்ளைக்கார உத்தியோகஸ்தர், இந்தியா என்று ஒரு தேசம் இல்லை, முன்பும் இருந்ததில்லை என்று 1888-இல் வெளிவந்த புத்தகத்தில் எழுதினார். பூமத்திய ரேகையை ஒரு தேசம் என்று சொல்ல முடியுமானால் இந்தியாவையும் சொல்லலாம் என்ற கருத்தில் 1931-இல் சர்ச்சில் துரை பேசினார். இவர்களெல்லாம் மூடர்கள் அல்ல. கண்ணால் கண்டதைத்தான் சொன்னார்கள். ஸ்ரீவைகுண்டத்துக்கு வந்து பார்த்திருந்தால் இன்னும் உறுதியாகச் சொல்லியிருப்பார்கள்.

ஏனென்றால், பிரிவினைக்குக் கண்கண்ட சின்னமாக இந்த ஊரில் ஒரு கோட்டையே இருந்தது. ராஜாக்கள் கட்டிய கற்கோட்டை அல்ல; மண் மதில். அதனுள்ளே கோட்டைப் பிள்ளைமார் என்னும் சிறு வகுப்பார் வாழ்ந்தார்கள். அவர்களுடைய பெண்கள் பிறந்தது முதல் இறக்கும் வரையில் அந்த மதிலைத் தாண்டி வெளியே வருவதில்லை. பெண் கொடுப்பதும் எடுப்பதும் உள்ளேயே. தாமிரபரணி கூப்பிடு தூரத்தில் ஓடியும் அதில் ஒரு முறை இறங்கிக் குளித்தறியாத தலைமுறைகள்! இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் குடும்பங்கள் ஒவ்வொன்றாக வெளியேறின. சர்க்கார் உத்தரவு போட்டு இடித்த மதில் அல்ல அது. உள்ளே இருப்பவர்களுக்கே வேண்டாததாய்ப் போய், மழையில் கரைந்தது. மதிலின் கதை முடிந்துவிட்டது என்று சொல்லத்தான் ஆசை. மண் மதில் கரைந்தது உண்மை. கண்ணுக்குத் தெரியாத மதில்கள் ஊருக்கு ஊர், தெருவுக்குத் தெரு இருக்கின்றன. ஒவ்வொரு நாளும் வகுப்பறைக்குள் நுழைகிற நமக்கு அவை தெரியாமல் இருக்குமா?

ஆனால் இதே ஊரில் ஒரு கோயிலுக்கு வழி கேட்டால், எந்தக் கோயில் என்று திருப்பிக் கேட்பார்கள். கள்ளபிரான் சந்நிதி நவதிருப்பதிகளில் முதலாவது. கொள்ளையடித்ததில் பாதியைப் பெருமாளுக்குக் கொடுத்து வந்த ஒரு திருடனுக்காக, அவனுடைய உருவத்திலேயே பெருமாள் அரசன் முன் தோன்றினார் என்பது தல புராணம். சற்றுத் தள்ளிக் கைலாசநாதர் கோயில். அது நவகைலாசத் தலங்களில் ஒன்று. வைஷ்ணவர்களின் திவ்ய தேசமாகிய இந்த ஊரில் பதினேழாம் நூற்றாண்டில் பிறந்தவர்தான் சைவப் பெரியாராகிய குமரகுருபரர். ஐந்து வயது வரை ஊமையாயிருந்து திருச்செந்தூரில் வாய் திறந்த அந்தக் குழந்தை, பிற்காலத்தில் காசிக்குச் சென்றது. அங்கே மொகலாய அரசப் பிரதிநிதியைச் சந்தித்து இடம் கேட்க வேண்டியிருந்தது. அவருக்கோ தமிழ் தெரியாது. இவருக்கோ ஹிந்துஸ்தானி தெரியாது. சரஸ்வதியைத் துதித்து அந்தப் பாஷையைக் கற்றுக் கொண்டு போய் அதிலேயே பேசினார் என்பது மரபாக வழங்கும் வரலாறு. ‘சகலகலாவல்லி மாலை’ பிறந்த சந்தர்ப்பம் அதுவே என்பார்கள். கங்கைக் கரையில் தமிழ் மடம் எழுந்தது.

இதிலே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஹிந்துஸ்தானியைப் படி என்று குமரகுருபரரை யாரும் நிர்ப்பந்திக்கவில்லை. காரியம் இருந்தது; கற்றார். நிர்ப்பந்தித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அறிய, நம் கடற்கரைக்கு எதிரே பார்த்தால் போதும்.

தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் நடுவே உள்ள கடல் நம் ஜில்லாவாருக்குப் பிறத்தியார் வீட்டு முற்றம் அல்ல. கப்பலேறிப் போய்க் கடை வைத்தவர்களும் தோட்டத்தில் உழைத்தவர்களும் ஏராளம். அந்தக் கடலில் வெள்ளைக்காரக் கம்பெனிக்குப் போட்டியாகக் கப்பல் விடுவதற்குத்தான் வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியை ஏற்படுத்தினார். அதன் மூலதனம் பத்து லட்சம் ரூபாய்; 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். தலைவராக இருந்தவர் பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர். 8,000 பங்குகளை வாங்கியவர் ஹாஜி முகமது பக்கீர் சேட். ஓட்டப்பிடாரத்து வக்கீல் பிள்ளை, தமிழ்ச் சங்கம் கண்ட தேவர், முஸ்லிம் வியாபாரி. இவர்கள் மூவரும் ஒருவர் வீட்டில் ஒருவர் உண்டார்களா என்பது நமக்குத் தெரியாது. ஒரே கப்பலில் பணம் போட்டார்கள் என்பது தெரியும். 1908-இல் பிள்ளை சிறை சென்றார். 1911-இல் கம்பெனியே கலைந்தது. பங்குப் பணம் போயிற்று. பங்கு சேர்ந்த பழக்கம் போகவில்லை.

அந்தக் கடலின் இரு கரைகளிலும் சுதந்தரத்துக்குப் பின் ஒரே பரீட்சை வந்தது. இலங்கையில் 1956-ஆம் வருஷம் சிங்களம் ஒன்றே ஆட்சி மொழி என்று சட்டம் செய்தார்கள். தமிழர்கள் ஆட்சேபித்தார்கள். 1957-இல் பண்டாரநாயக்காவும் செல்வநாயகமும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். மறு வருஷமே, எதிர்ப்புக்கு அஞ்சிப் பிரதம மந்திரி அதைக் கைவிட்டார். பிறகு நடந்ததைச் சொல்ல வேண்டுமா? 1983 ஜூலைக் கலவரம், அதன் பின் 2009 வரை யுத்தம், கணக்கில் அடங்காத சாவுகள்.

இந்தியாவிலும் அதே வழியில் இறங்கத்தான் பார்த்தார்கள். அரசியல் சட்டத்தின்படி 1965 ஜனவரி 26-ந் தேதியோடு ஆங்கிலம் போய் ஹிந்தி தனித்து ஆள வேண்டியது. 1963-ஆம் வருஷத்துச் சட்டம் ஆங்கிலம் தொடரலாம் என்று சொல்லிற்று. தொடரும் என்று சொல்லவில்லை. சென்னை ராஜ்யம் கொந்தளித்தது. மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள், துப்பாக்கிப் பிரயோகத்தில் பலர் மாண்டார்கள், தீக்குளித்தவர்களும் உண்டு. மத்திய மந்திரிகள் சி. சுப்பிரமணியமும் ஓ. வி. அளகேசனும் ராஜிநாமாக் கொடுத்தார்கள். பிரதம மந்திரி சாஸ்திரி பிப்ரவரியில் ரேடியோவில் பேசி உறுதிமொழி கொடுத்தார். 1967-இல் அந்த உறுதி சட்டத்திருத்தமாயிற்று. ஹிந்தி பேசாத ராஜ்யங்கள் வேண்டாம் என்று சொல்லும் வரையில் ஆங்கிலம் இருக்கும்.

சென்னையிலே தனி நாடு கேட்டுக் கொண்டிருந்த கட்சி, 1963-இல் அந்தக் கோரிக்கையைக் கைவிட்டு, 1967-இல் தேர்தலில் ஜெயித்து, அதே அரசியல் சட்டத்தின் பெயரால் பிரமாணம் செய்து மந்திரி சபை அமைத்தது. வளைந்து கொடுத்ததனால் டில்லிக்கு என்ன குறைந்து போயிற்று? கொஞ்சம் கௌரவம். அந்தக் கௌரவத்தை விட்டுக்கொடுக்க மனம் வராத இடத்தில், அதே கடலின் அக்கரையில், இருபத்தாறு வருஷ யுத்தம்.

இதனால் இந்திய சர்க்கார் எப்போதும் எங்கும் வளைந்து கொடுத்தது என்று நாம் சொல்ல வரவில்லை. பொட்டி ஸ்ரீராமுலு சென்னையில் 58 நாள் பட்டினி கிடந்து 1952 டிசம்பரில் உயிர் விட்ட பிறகுதான் ஆந்திர ராஜ்யத்துக்கு வழி பிறந்தது. 1947-இல் பஞ்சாபும் வங்காளமும் பிளந்தபோது ஓடிய ரத்தமும், 1984-இல் டில்லித் தெருக்களில் சீக்கியர்களுக்கு நேர்ந்ததும் மறக்கக்கூடியவை அல்ல. வளைய வேண்டிய இடத்தில் வளையாமலும், வளையக் கூடாத இடத்தில் வளைந்தும் பட்ட காயங்கள் உடம்பெல்லாம் இருக்கின்றன.

இந்த இரண்டாவது வகையைப் பற்றித்தான் மனிதர்கள் அதிகமாகப் பேசுவதில்லை. விட்டுக்கொடுத்தால் ஒற்றுமை வரும் என்று உபதேசிப்பது சுலபம். யாருக்கு விட்டுக்கொடுப்பது, எதை விட்டுக்கொடுப்பது என்பதல்லவா கேள்வி?

உசிலம்பட்டிப் பள்ளிக்குத் திரும்புவோம். அங்கே அதிகாரிகளுக்கு ஒரு சுலபமான வழி இருந்தது. சமையல் செய்யும் அம்மாளை வேறிடத்துக்கு மாற்றிவிட்டு, ஊராருக்குப் பிடித்த ஒருவரை நியமித்திருந்தால் மறுநாளே எல்லாப் பிள்ளைகளும் சாப்பிட்டிருப்பார்கள். ஊரில் சமாதானம் நிலவியிருக்கும். அப்படிச் செய்யவில்லை. பார்லிமெண்டு அங்கத்தினர் கனிமொழி முதலானோர் அங்கே போனார்கள். குழந்தைகளோடு தரையில் உட்கார்ந்து, அந்த அம்மாள் சமைத்ததையே உண்டார்கள். குழந்தைகளும் உண்டார்கள். பாஷை விஷயத்தில் வளைந்து கொடுத்ததும், பந்தி விஷயத்தில் வளையாமல் நின்றதும் ஒரே காரியத்தின் இரண்டு பக்கங்கள் என்று நாம் கருதுகிறோம். ஒருவன் தன் வீட்டில் எதைப் பேசுவான், யாரைக் கும்பிடுவான் என்பதில் மற்றவனுக்கு வேலை இல்லை. எல்லாருக்கும் பொதுவான அடுப்பைத் தன் வீட்டு அடுப்பாக்கிக் கொள்ள எவனுக்கும் உரிமை இல்லை.

இது ஏதோ பெரிய தத்துவம் என்று நினைக்க வேண்டாம். எங்கள் ஊர் விவசாயிகள் இதை அணைக்கட்டில் தினமும் பார்க்கிறார்கள். தாமிரபரணியில் உள்ள எட்டு அணைக்கட்டுகளில் ஸ்ரீவைகுண்டம் அணைதான் கடைசி. 1873-இல் கட்டி முடிந்தது. இங்கிருந்து வடகால் தூத்துக்குடி பக்கமுள்ள கோரம்பள்ளம் குளம் வரைக்கும், தென்கால் கடம்பாகுளம் வழியாகத் திருச்செந்தூர் பக்கமும் செல்கின்றன. இரண்டுமாகச் சுமார் 25,000 ஏக்கர் பாய்கின்றன. மேலே ஏழு அணைக்காரர்கள் எடுத்துக் கொண்டது போக மிஞ்சியதுதான் எங்களுக்கு வரும். கார் சாகுபடிக்குத் தண்ணீர் உண்டா இல்லையா என்பது ஒவ்வொரு வருஷமும் சண்டை. வடகால்காரர் தென்கால்காரரைச் சந்தேகிப்பார். இருவரும் சேர்ந்து மேல்மடைக்காரரைச் சந்தேகிப்பார்கள். மூவரும் சேர்ந்து ஆலைகளுக்குக் குழாய் வழியே தண்ணீர் கொண்டு போகிறவர்களைத் திட்டுவார்கள். மனு போகும், மறியல் நடக்கும், வழக்கு நடக்கும். அணையில் மேடிட்ட வண்டலை அகற்ற வேண்டி, விவசாயிகளின் நலம் கோரியவர்கள் பசுமைத் தீர்ப்பாயம் வரை போய் 2015-இல் உத்தரவு பெற்றார்கள். இவ்வளவு சண்டையிலும் அணையை உடைத்துவிடலாம் என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை. உடைத்தால் தண்ணீர் யாருக்கும் நில்லாமல் கடலுக்குப் போய்விடும் என்று எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் தெரியும்.

வெளியூர் நண்பர் ஒருவர் இந்தச் சச்சரவுகளைப் பார்த்துவிட்டு, “என்ன ஐயா, உங்கள் ஊரில் ஒற்றுமையே இல்லையே!” என்று வருந்தினார். சண்டை போட ஓர் இடமும், அதை விசாரிக்க ஓர் ஆளும் இருக்கிற வரையில் பயமில்லை என்று சமாதானம் சொன்னோம். சொன்ன நமக்கே பயம் இல்லாமல் இல்லை.

பயத்துக்குக் காரணம் உண்டு. 2025 மார்ச்சில், ஸ்ரீவைகுண்டத்தை அடுத்த கிராமத்திலிருந்து ஒரு மாணவன் பாளையங்கோட்டைக்குப் பரீட்சை எழுத பஸ்ஸில் போய்க் கொண்டிருந்தான். தாழ்த்தப்பட்ட வகுப்புப் பிள்ளை. வழியில் பஸ்ஸை மறித்து அவனை வெளியே இழுத்து வெட்டினார்கள். கைவிரல்கள் துண்டாயின. கபடிப் பந்தயத்தில் அவனுடைய கட்சி ஜெயித்ததுதான் அவன் செய்த பிழை என்று உறவினர்கள் சொன்னார்கள். வைத்தியர்கள் விரல்களைத் திரும்பப் பொருத்தினார்கள். பரீட்சைக்குப் புறப்பட்ட பிள்ளை! ஆசிரியத் தொழிலில் இருக்கிற எவருக்கும் அந்தச் செய்தியைப் படித்த பிறகு கையில் பிடித்த சுண்ணக்கட்டி கனத்திருக்கும்.

மாணவர்கள் தத்தம் சாதிக்கென்று வர்ணம் பிரித்துக் கையில் கயிறு கட்டிக்கொள்ளும் வழக்கம் நம் பக்கத்துப் பள்ளிகளில் வேரூன்றியிருக்கிறது. 2023-இல் நாங்குநேரியில் ஒரு மாணவனும் அவன் தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு சர்க்கார் நியமித்த நீதிபதி சந்துரு கமிட்டி, அந்தக் கயிறுகளைத் தடை செய்ய வேண்டும் என்று 2024 ஜூனில் சிபாரிசு செய்தது. நமக்கு இந்தச் சிபாரிசு பற்றிப் பூரண திருப்தி என்று சொல்ல முடியாது. கயிறு போனால் சட்டைப் பொத்தான், பொத்தான் போனால் சைக்கிள் நிறம் என்று பையன்கள் வேறு அடையாளம் கண்டுபிடிப்பார்கள். ஆனாலும் கத்தரிக்கத்தான் வேண்டும். சில வருஷங்களுக்கு முன், நாம் வேலை பார்த்த ஒரு பள்ளியில் இந்தக் கயிற்றைக் கழற்றும்படி ஒரு பையனிடம் சொன்னோம். மறுநாள் அவனுடைய பெரியப்பா வந்து, “வாத்தியாருக்குப் பாடம் நடத்தத்தானே சம்பளம்?” என்று மரியாதையாகவே விசாரித்துவிட்டுப் போனார். மேலிடத்தார் நம்மைக் கூப்பிட்டு, ஊர் வம்பு வேண்டாமே என்றார்கள். நாமும் அந்த வருஷம் வாய் திறக்கவில்லை. அதை எழுதாமல் மற்றவர்களை மட்டும் எழுதுவது நேர்மையாகாது. உசிலம்பட்டியில் தரையில் உட்கார்ந்தவர்கள் செய்ததை, நம் வகுப்பறையில் நாம் செய்யத் தவறினோம்.

இப்போது வாய் திறக்கிறோம். பெரியப்பாமார்கள் இப்போதும் வருகிறார்கள்.

வெள்ளம் வந்து போனபின் பள்ளி திறந்தபோது, பையன்களைக் கட்டுரை எழுதச் சொன்னோம். பெரும்பாலும் பத்திரிகையில் வந்ததையே எழுதியிருந்தார்கள். நிலையத்துப் பக்கத்துப் பையன் ஒருவன் மட்டும் ரயிலைப் பற்றி இரண்டு வரியோடு நிறுத்திவிட்டு, மிச்சப் பக்கம் முழுவதும் பாத்திரங்களைப் பற்றி எழுதியிருந்தான். கோயில் சமையலுக்கு வீட்டுக்கு வீடு அண்டாவும் குண்டானும் கரண்டியும் போயினவாம். வெள்ளம் வடிந்ததும் எல்லாம் கலந்து கிடந்தன. பெயர் வெட்டியிருந்தவை உரியவர் வீடு போய்ச் சேர்ந்தன. சிலவற்றில் பெயர் தேய்ந்து போயிருந்தது. அவனுடைய அம்மா கொடுத்த கரண்டி திரும்பவே இல்லை. அதற்குப் பதிலாக வேறு ஒன்று வந்தது.

“யாருடையது என்று விசாரித்தாயா?” என்று கேட்டோம்.

“அம்மா இரண்டு தெரு போய்க் கேட்டாங்க, சார். யாரும் தங்களதுன்னு சொல்லலை. அந்தக் கரண்டியிலேதான் இப்போ எங்க வீட்டிலே குழம்பு ஊத்துறாங்க.”